மேலேர்ந்து எப்படித் தெரியுது?

"கிரேனுக்குக் கீழ நிக்கிறது என் தம்பி. அதை ஞாபகம் வச்சுக்கிட்டு மேல ஏறுங்க" என்றாள் மனைவி.

"மெதுவாப் பேசு. மாடியில இருக்கான், அவன் காதுல விழுந்துடப் போகுது" என்றார் கிரேன் ஆபரேட்டர், ஷூ மாட்டிக்கொண்டே.

எல்லாம் வாண்டு செய்த வேலை. கிரெச்சிலிருந்து கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளங்களோடு வந்தான். வீட்டில் மாடி, கீழ் என்று பாராமல் ஆளுக்கு இரண்டு நாள் காய்ச்சலைப் பங்கு வைத்துக் கொடுத்தான். இப்போது எதுவுமே நடக்காததுபோல் பொம்மைக் காரைச் சுவரில் மோதி விளையாடிக்கொண்டிருக்கிறான்.

அப்பாவுக்குக் காய்ச்சல் விட்ட பிறகு வேறொன்றும் வந்தது. வலது கண்ணின் நடுவே அழுக்குத் திட்டு. அந்தக் கண்ணால் மட்டும் பார்த்தால் மனைவி முகத்தில் மூக்கைக் காணோம். கதவு நிலை வளைந்து நின்றது.

"குழந்தைங்களுக்கு வர்ற அதே வைரஸ்தான். பெரியவங்களுக்கு எப்பவாவது விழித்திரை வரைக்கும் போயிடும். பெரும்பாலும் சில வாரத்துல தானா சரியாயிடும். அதுவரைக்கும் கிரேன் பக்கம் போகாதீங்க" என்றார் கண் டாக்டர். தானாகச் சரியாகும் என்பதை மட்டும் ஆபரேட்டர் காதில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"சூப்பர்வைசர்கிட்ட சொல்ல வேண்டாம். என் தம்பிகிட்டயாவது சொல்லலாம்ல?"

"சொன்னா என்னை ஏற விடுவானா? கண்ணுல கோளாறுன்னு ஒரு தடவை பேர் வந்துட்டா எந்த சைட்லயும் கேபினுக்குள்ள விடமாட்டாங்க. இருபது வருஷமா இந்த ஒரு வேலைதான் எனக்குத் தெரியும்."

"அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது. உன் தம்பிக்குப் பருந்துக் கண்ணு. எனக்கும் சேர்த்து அவன் பாத்துப்பான். அவன் சொல்றபடி நான் இறக்கப் போறேன், அவ்வளவுதான்."

மாடியிலிருந்து மச்சான் இறங்கி வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

"என்ன துரை, பொண்ணு பார்க்கவா கிளம்பிட்டீங்க?" என்றார் ஆபரேட்டர்.

"வெயில், மாமா" என்றான் அவன். வழக்கமாகப் பதிலுக்குக் காலை வாருகிறவன் அன்று அதோடு விட்டுவிட்டு பைக்கின் பின்சீட்டில் ஏறிக்கொண்டான்.

சைட்டில் அன்று முதல் வேலை ஒரு கான்கிரீட் பீம். ஏழாவது மாடியில் இரண்டு தூண்களுக்கு நடுவே உட்கார வேண்டும். சிக்னல் கொடுக்க மச்சான் அங்கேயே ஒரு தூணை ஒட்டி நின்றான். அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டவரே ஆபரேட்டர்தான். 'என் மச்சான் கண்ணு தப்பாது சார்' என்று சூப்பர்வைசரிடம் மார்தட்டியிருந்தார்.

கேபினிலிருந்து பார்த்தார். இடது கண் பீமைத் தாங்கிய கம்பி நேராக இருக்கிறது என்றது. வலது கண் இல்லை, வளைந்திருக்கிறது என்றது. வலதை மூடினால் பீமுக்கும் தூணுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பிடிபடவில்லை.

வாக்கி டாக்கியில் மச்சானின் குரல் வந்தது. "வலப்பக்கம் கொஞ்சம், மாமா. இன்னும் கொஞ்சம். போதும், நிறுத்துங்க."

பீம் அந்தரத்தில் நின்றது. அடுத்து 'இறக்குங்க' என்று வர வேண்டும். வரவில்லை.

"மாமா, மேலேர்ந்து எப்படித் தெரியுது?"

ஆபரேட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளில் அவன் இப்படிக் கேட்டதே இல்லை. 'நான் சொல்றதைச் செய்யுங்க, போதும்' என்று அதட்டுகிறவன். அக்காக்காரி போன் போட்டுச் சொல்லிவிட்டாளோ? ஆழம் பார்க்கிறானோ?

"நேராத்தான் தெரியுது" என்று புளுகினார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"அதான் சொல்றேன்ல. உனக்கு எப்படித் தெரியுது?"

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.

"நேராத்தான் மாமா. இறக்குங்க."

இறக்கினார். பீமின் நுனி தூணில் இடித்தது. அடுத்த நொடி அது மச்சான் நின்ற பக்கமாகத் திரும்பி வீசியது. யாரோ அலறினார்கள். ஆபரேட்டர் லீவரை வெடுக்கென்று இழுத்தார். பீம் மேலே எழும்பி ஆடியது. மச்சான் தரையில் குப்புறக் கிடந்தான்.

பிறகு எழுந்தான். தோளில் சட்டை மட்டும் கிழிந்திருந்தது.

நாலு பேர் கயிறு கட்டி இழுத்துப் பிடிக்க, இரண்டாவது முறை பீம் ஒருவழியாக உட்கார்ந்தது. "காத்துதான் இழுத்துடுச்சு. சாப்பிட்டு வாங்க, அடுத்ததைத் தூக்கலாம்" என்று சூப்பர்வைசர் போய்விட்டார்.

காற்றே இல்லை என்பது ஆபரேட்டருக்குத் தெரியும். ஏணியில் இறங்கினார். வேலை போனால் போகட்டும், இனி மறைக்கக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டார். மச்சானுக்கு ஏதாவது ஆகியிருந்தால் மனைவியிடம் என்ன முகத்தோடு போய் நின்றிருப்பார்?

மச்சான் ஏணிக்கடியில் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். அவனருகே போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சுடுப்பா. என் வலது கண்ணு நடுவுல ஒண்ணுமே தெரியல. வாண்டுகிட்ட இருந்து வந்த காய்ச்சலோட வேலை. நேராத் தெரியுதுன்னு சொன்னது பொய். உன் கண்ணை நம்பித்தான் இறக்கினேன்."

மச்சான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"நீங்க நேராத் தெரியுதுன்னு சொன்னதாலதான் மாமா நான் இறக்கச் சொன்னேன்" என்றான். "எனக்கு இடது கண்ணு."