நொட்டாங்கைப் பக்கம்

மறுபடியும் கல் பிடிபடாமல் கீழே விழுந்து உடைந்தது.

சாரத்தின் மேலே நின்ற புது ஆள் எட்டிப் பார்த்தான். "அண்ணே, என் வலது கைப் பக்கமா போடுங்கண்ணே. நீங்க போடுற பக்கம் எனக்குக் கையே போக மாட்டேங்குது."

கீழே நின்று செங்கல் வீசுகிறவன் தலையை ஆட்டினான். குனிந்தான், எடுத்தான், வீசினான். அது பழைய பக்கத்துக்கே போனது.

கண் சரியாகத்தான் பார்த்தது. கைதான் கேட்கவில்லை.

இத்தனை வருஷமும் மேலே நின்று பிடித்தவன் இடதுகைக்காரன். நொட்டாங்கை என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பேர். ஒரே பெஞ்சு. எழுதும்போது இவன் வலது முழங்கையும் அவன் இடது முழங்கையும் முட்டிக்கொள்ளும். எழுத்து கோணிக்கொண்டு போகும். இரண்டு பேருக்கும் அடி விழும். இடம் மாறி உட்காருங்கடா என்று வாத்தியார் தொண்டை கிழியக் கத்தியும் மாறவில்லை.

படிப்பு இரண்டு பேருக்கும் ஏறவில்லை. ஒன்றாகவே நின்றுவிட்டு, ஒன்றாகவே கல் தூக்க வந்தார்கள்.

"கல்லு போடுறியா, பூ போடுறியாடா? சோறு தின்னியா இல்லியா?" என்று மேலேயிருந்து நாளெல்லாம் வம்பிழுப்பான்.

போன வாரம் நெஞ்சு வலி என்றான். ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அவன் இருந்த அறையை மறுநாளே கழுவி வேறு ஆளுக்கு விட்டுவிட்டார்கள். ஒரு போட்டோகூட எடுத்து வைத்ததில்லை.

நொட்டாங்கை என்று ஒருத்தன் இருந்தான் என்பதற்கு மிச்சம், இந்தக் கை கல்லை வீசுகிற பக்கம் மட்டும்தான்.

மேஸ்திரி வந்து நின்றார். "யோவ், செத்தவனுக்கா கல்லு போடுற? இன்னும் ஒண்ணு உடைஞ்சுது, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடையைக் கட்டு."

வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு புது ஆளின் வலது கையையே பார்த்து வீசினான். பிடிபட்டது. அடுத்ததும் பிடிபட்டது. கொஞ்ச நேரம் போனதும் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

"அவ்வளவுதாண்ணே, கை படிஞ்சிருச்சு!" என்று சிரித்தான் புது ஆள்.

டீ குடிக்க எல்லோரும் இறங்கிப் போனார்கள். இவன் மட்டும் போகவில்லை.

சுற்றுமுற்றும் பார்த்தான். ஒரு கல்லை எடுத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பிடிடா" என்று வாய்க்குள் சொல்லி, ஆளில்லாத சாரத்துக்கு வீசினான்.

கண்ணைத் திறந்தான். கல் பலகையில் கிடந்தது. புது ஆளின் பக்கம்.

இன்னொன்று வீசினான். அதுவும் அங்கேதான் போனது. கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, அழுதுகொண்டே வீசினான். எல்லாம் அங்கேயே போயின.

டீ குடித்துவிட்டு வந்த மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். பலகை நிறையக் கல். கீழே ஒரு துண்டுகூடச் சிதறவில்லை.

"பரவாயில்லையே" என்று அவன் முதுகில் தட்டினார். "இப்பத்தான்யா உன் கை சரியா வருது."