அழிக்கச் சொன்ன படம்

ஒரகடத்தில் கம்பெனி வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஸ்ரீதர் போனை வெளியே எடுக்கிறான். காலையில் கேட்டில் உள்ளே படம் எடுக்கக் கூடாதென்று செக்யூரிட்டிக்காரர் போன் கேமராவின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் உரிபடாமல் இருக்கிறது. என் மனைவி சசிகலாவுக்கு ரத்தம் கொடுத்தவன் இவன். கொடுத்த கையோடு வார்டில் ஒரு படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டான். அவள் இறந்து நாற்பது நாளாகியும் அதற்கு லைக் வந்துகொண்டிருக்கிறது. நான் அதைப் பார்த்ததில்லை. "அழி" என்கிறேன் மறுபடியும். "நாலு பேரு பாத்தாதான இன்னும் நாலு பேரு குடுப்பான், மச்சான். இதுல இன்னா தப்பு?" என்கிறான் ஸ்ரீதர். பக்கத்தில் நிற்கும், எங்களோடு வேலை பார்க்கும் பேச்சிராஜ், "அதான் நானூறு லைக் வந்துட்டுல்லா, பொறவு என்னல" என்கிறான். யாரும் சிரிக்கவில்லை. ஸ்ரீதர் படத்தைத் திறக்கிறான். முழங்கை மடிப்பில் பஞ்சோடு, கட்டைவிரலை உயர்த்தி நிற்கிறான். அவனுக்குப் பின்னால் கட்டிலில் சசிகலா. கேமராவைக் கண்டாலே துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்பவள். கல்யாண ஆல்பத்தில்கூடக் குனிந்த தலைதான். எடுப்பது அவனைத்தானே என்று நினைத்தாளோ என்னவோ, இதில் மட்டும் நேராகப் பார்க்கிறாள். "சரி, அழிச்சிட்றேன்" என்று ஸ்ரீதர் விரலைக் கொண்டுபோகிறான். நான் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறேன்.