சேறு பூசிய வில்லியம்ஸ்

"மூஞ்சில இன்னும் கொஞ்சம் சேறு பூசிக்குங்க. மூப்பர் வந்துட்டார்."

கேப்டன் கெத்தின் சொல்லி வாய் மூடவில்லை, தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்த வில்லியம்ஸ் ஒரு கை சேற்றை அள்ளி முகத்தில் அப்பிக்கொண்டான். வில்லியம்ஸ் என்பது அவன் பெயரே இல்லை. ஆட்டத்துக்காக வைத்துக்கொண்டது.

எல்லைக் கோட்டை ஒட்டிக் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக நின்றார் பிரிச்சர்ட், கும்டெர்வென் சபையின் மூப்பர். 1904-ல் வேல்ஸ் முழுக்கப் பக்தி அலை அடித்தபோது, ரக்பி பிசாசின் விளையாட்டு என்று சொல்லி ஊர்க் கிளப்பின் சட்டைகளைச் சபை வாசலில் குவித்துக் கொளுத்தியவர் சாட்சாத் இவர்தான். நாலு வருஷமாகச் செத்துக் கிடந்த கிளப் இந்தப் பருவத்தில்தான் எழுந்து உட்கார்ந்திருந்தது.

"என்னைக் கண்டுபிடிச்சிட்டா?" என்றான் வில்லியம்ஸ்.

"உங்க வேலை போயிடும். எங்க கிளப்பும் போயிடும். அந்தப் பக்கமே போகாதீங்க."

"நான் ஓட வேண்டியதே அந்தப் பக்கம்தானே கெத்தின்?"

எதிரணியான நான்ட்கோக் ஊர்க்காரர்கள் பரம வைரிகள். ஆட்டம் முடியும் நேரம், இரண்டு பக்கமும் ஒரு புள்ளிகூட இல்லை. பந்து வெளியே போன இடைவெளியில் மூப்பர் விரலை மடக்கிக் கெத்தினைக் கூப்பிட்டார்.

"யார்றா அந்தத் தலைக்கட்டு?"

"மலைக்கு அந்தாண்ட ஊரு ஐயா. சுரங்கத்துல வேலை பாக்குறான்."

"நிலக்கரி தொட்ட கை மாதிரி தெரியலியே."

"இப்பத்தான் சேர்ந்திருக்கான் ஐயா" என்று புளுகிவிட்டு ஓடியே போனான்.

அடுத்த நொடி நான்ட்கோக்காரன் ஒருவன் பந்தை நழுவவிட்டான். கெத்தின் பாய்ந்து எடுத்து வில்லியம்ஸிடம் வீசினான். வில்லியம்ஸ் பறந்தான், மூப்பரின் மூக்குக்கு நேராக. ஒருவன் அவன் கணுக்காலைப் பிடித்துத் தொங்கினான். உதறிவிட்டு நொண்டிக்கொண்டே ஓடினான்.

"உள்ளே திரும்பு, உள்ளே திரும்பு. முன்னாடி ஆள் நிக்கிறான் பாரு."

கத்தியது யார் என்று திரும்பிப் பார்த்த கெத்தினுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. தொப்பி எங்கேயோ விழுந்து கிடக்க, எல்லைக் கோட்டின் ஓரமாகவே ஓடிவந்துகொண்டிருந்தார் மூப்பர். வில்லியம்ஸ் உள்ளே திரும்பினான், தாவினான், எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்திப் புள்ளி எடுத்தான். ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது. சந்தோஷம் தாங்காமல் ஊரே கீர்த்தனை பாடத் தொடங்கியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த மூப்பர், கெத்தினின் தோளில் கை வைத்தார். கெத்தினுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"அவனுக்குக் கால்ல பலமான அடி போலிருக்கே?"

"ஆமா ஐயா. பொழுது சாயறதுக்குள்ள மலையேறிப் போயிடுவான். இனிமே இந்த ஊர்ப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டான்."

"அதெப்படி?" மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார் மூப்பர். "நாளைக்குக் காலையில பிரசங்கத்தைச் சுருக்கமா முடிச்சுக்கச் சொல்லு. அந்தக் காலை வச்சுக்கிட்டு நம்ம போதகர் ரொம்ப நேரம் நிக்க முடியாது."