நான்காம் பாகம் இருந்த இடம்

நூலக அலமாரி ஒன்றில் ஏழு பாகங்கள் கொண்ட பழைய மாயாஜால நாவல் இருந்தது. பல்லியும் எலியும் கரப்பானும் வாரம் ஒரு பாகம் படித்து, வெள்ளிக்கிழமை ஊழியர் சாப்பிடப் போகும் நேரத்தில் கூடிப் பேசும். படிக்காமல் வந்தால் சங்கத்தில் இடமில்லை. சில்வண்டை அப்படித்தான் விரட்டின.

இந்த வாரம் பூச்சி பிடிக்கிற மும்முரத்தில் பல்லி படிக்க மறந்துவிட்டது. வியாழக்கிழமை அலறியடித்து ஓடிப் பார்த்தால், நான்காம் பாகம் இருந்த இடம் காலி. யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். தன்னைக் கண்டு கரப்பான் ஓடாத ஒரே இடம் அந்தச் சங்கம்தான்.

மறுநாள், "ராணி அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது" என்று பல்லி கதையைப் பற்றிப் பொதுவாகச் சொல்லிவைத்தது.

"கூடாதுதான்! எனக்கு அழுகையே வந்துடுச்சு" என்றது எலி.

"நீங்க வேற! ராணி மேல என்ன தப்பு? டிராகன்தானே ஆரம்பிச்சுது?" என்று கரப்பான் மீசையை ஆட்டியது.

பல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விவாதம் சூடுபிடித்த நேரத்தில் ஊழியர் வந்து, காலி இடத்தில் ஒரு தடித்த புத்தகத்தைச் செருகிவிட்டுப் போனார்.

"அப்பாடா!" என்றது நான்காம் பாகம். "ஒரு மாசமா யார் வீட்டுக் கட்டிலடியிலயோ கிடந்தேன். இங்க என்ன பேச்சு ஓடுது?"

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எலிதான் தொண்டையைச் செருமியது. "சரி, அடுத்த வாரம் அஞ்சாம் பாகம்."

"இப்பவே ஆவலா இருக்கு" என்றது கரப்பான்.

"எனக்கும்" என்றது பல்லி.

நான்காம் பாகத்தை ஒட்டி இன்னொரு இடம் காலியாக இருந்தது. அதைப் பார்க்காததுபோல் மூன்றும் கலைந்தன.