கிருபையம்மாளின் டிரான்ஸ்பர் ஜெபம்

மைக்கை வாங்கியதும் பூபாலன் முதலில் ராசிபுரத்து வெயிலைப் பற்றித்தான் புகார் சொன்னார்.

"அம்மா ஜெபம் பண்ணி முப்பத்தெட்டாம் நாள் ஆர்டர் வந்துச்சுங்க. கேட்ட மாதிரியே ராசிபுரம். அங்க இப்ப வெயில் தாங்க முடியலீங்க. ஆனா அது அம்மா தப்பில்லீங்களே!"

கொல்லிமலை செம்மேட்டின் அந்தச் சின்ன தேவாலயம் சிரிப்பில் குலுங்கியது. முன்பு இங்கே தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்தவர் பூபாலன். நெற்றி நிறையத் திருநீறோடு வந்திருந்தார். கிருபையம்மாளின் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார்.

முதல் வரிசையில் கிருபையம்மாளின் மகள் ஜாஸ்மின் உட்கார்ந்திருந்தாள். அம்மா போய் ஒரு வருடம். நினைவுக் கூட்டத்தில் அழுகைதான் வரும் என்று நினைத்திருந்தாள்.

அடுத்து லைன்மேன் செல்லமுத்து. கீழே எந்த ஊராக இருந்தாலும் சரி என்று அம்மாவிடம் சொல்லித் தொலைத்தாராம். மலைக்கு அந்தப் பக்கம், துறையூரில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். ஊர்ப் பெயரைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது எல்லோருக்கும் புத்தி சொன்னார்.

கிருபையம்மாள் கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து, ஒற்றை ஆளாக மகளை நர்சுக்குப் படிக்கவைத்தவர். மருமகன் தவறிப்போன வருடமே ஜாஸ்மினுக்குக் கொல்லிமலையில் வேலை கிடைத்தது. கிருபையம்மாள் யோசிக்கவே இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு, மூன்று வயதுப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, எழுபது வளைவுக்கும் வாந்தி எடுத்தபடி பஸ்சில் மேலே வந்து சேர்ந்தார்.

பதினான்கு வருடம் இங்கேயே இருந்தார். குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் பெரிய எழுத்து பைபிள்.

கீழிருந்து வேலைக்கு வந்தவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அவரைத் தேடி வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வேண்டுதல்தான். டிரான்ஸ்பர்.

பெயர், டிபார்ட்மென்ட், மாமனார் ஊர் எல்லாம் விசாரிப்பார். ஒரு டம்ளர் மிளகு ரசம் கொடுப்பார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். கடவுளிடம் அவர் பேசுவது, நல்ல மேலதிகாரி ஒருவரிடம் சிபாரிசுக்குப் போனதுபோல் இருக்கும்.

"நல்ல புள்ளைங்க ஆண்டவரே. கைக்குழந்தை வச்சிருக்குதுங்க. பாத்து எறக்கி விடுங்க."

இருபத்தேழு பேர் இறங்கிப் போனார்கள். ஜாஸ்மின் மட்டும் இறங்கவில்லை.

வருடம் தவறாமல் விண்ணப்பித்தாள். ஒரு வருடம் சீனியர் ஒருவர் முந்திக்கொண்டார். ஒரு வருடம் கலந்தாய்வே தள்ளிப்போனது. இன்னொரு வருடம் ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட, இவள் போய்ச் சேர்வதற்குள் இடம் நிரம்பிவிட்டது.

"ஊருக்கெல்லாம் பண்றியே, எனக்கு ஜெபம் பண்றியா இல்லியாம்மா?" என்று அன்றைக்குக் கத்தியே விட்டாள்.

"உன் டிரான்ஸ்பரைப் பத்தி ஆண்டவர்கிட்டப் பேசாத நாளே இல்ல கண்ணு."

அம்மா பொய் சொல்லமாட்டார். ஜாஸ்மின் நம்பினாள்.

இப்போது பேத்தி பெனிட்டா மேடை ஏறினாள். நாமக்கல்லில் கல்லூரி விடுதியில் இருப்பவள், முந்தின நாள்தான் வந்திருந்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பே சரியாக இல்லை.

"அம்மாயி எங்கிட்ட ஒரு சத்தியம் வாங்கியிருந்துச்சுங்க. தான் போயி ஒரு வருசம் கழிச்சுத்தான் இதைச் சொல்லணும்னு. முன்னாடியே சொன்னா எங்கம்மா கோவத்துல அழ மறந்துருவாங்களாம்."

கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது.

"தெனமும் காலைல அம்மா குளிக்கப் போனதும் அம்மாயி என் கையைப் புடிச்சுக்கிட்டு தனியா ஒரு ஜெபம் பண்ணும். 'ஆண்டவரே, ஜாஸ்மினை மட்டும் எறக்கி விட்றாதீங்க.' அவ்வளவுதான். ஆமென்."

பின்வரிசையில் பூபாலன் வெடித்துச் சிரித்தார். அதற்குப் பின் யாராலும் அடக்க முடியவில்லை.

"ஏன் அம்மாயின்னு கேட்டேன். மத்தவங்க மனசு கீழ கெடக்குது, அதான் ஆளையும் எறக்கச் சொல்றேன். உங்கம்மா மனசு இங்கதான் இருக்குது, அது அவளுக்குத்தான் இன்னும் தெரியலன்னுச்சு."

ஜாஸ்மினுக்கு முதலில் சுள்ளென்று கோபம்தான் வந்தது. பதினான்கு வருடம்! விழுந்த அந்த மரத்துக்கும் அம்மாதான் காரணமாக இருக்குமோ?

அந்த நினைப்பிலேயே சிரிப்பு வந்துவிட்டது. தோள்கள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

போதகர் அவளைப் பேசக் கூப்பிட்டார்.

மைக் முன்னால் போய் நின்றாள். மேலேயிருந்து பார்த்தபோது கூட்டம் வேறுமாதிரி தெரிந்தது. பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள். அவர்கள் மடியிலும் இடுப்பிலும் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேரைப் பிறந்ததும் முதலில் கையில் வாங்கியது அவள்தான். தூண் ஓரமாக வளர்மதி, எட்டு மாத வயிற்றோடு.

ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருந்தார்கள்.

"புதன்கிழமை ஊசி போடற நாளுங்க" என்றாள் ஜாஸ்மின். "எல்லாரும் புள்ளைங்களைத் தூக்கிட்டு வந்துருங்க. வளர்மதி, நீயும் வந்துரு சாமி. உன்னைப் பாக்கணும்."

சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள். நினைவுக் கூட்டத்தில் இப்படியும் பேசுவார்களா என்று போதகர் விழித்தார்.

எழுதி வைத்திருந்த பேச்சு, பிரிக்கப்படாமல் கைப்பையிலேயே இருந்தது. 'கடைசியில் எனக்காக என் அம்மா செய்த ஜெபத்தையும் ஆண்டவர் கேட்டுவிட்டார்' என்று அதை முடித்திருந்தாள்.

அதோடு சேர்த்துப் பின் அடித்திருந்தது, போன வாரம் வந்த டிரான்ஸ்பர் ஆர்டர். நாளை, திங்கட்கிழமை காலை நாமக்கல்லில் அவள் வேலையில் சேர வேண்டும்.