வரிச்சிறகனின் சொந்தக்காரர்கள்

துளசிமணி வீட்டு பால்கனியில், தொட்டிக் கறிவேப்பிலைச் செடியைத் தின்று வளர்ந்த புழு வண்ணத்துப்பூச்சியாகிச் சிறகு விரித்தது. அந்தத் தெருவில் நிஜப் பூச்சியை யாரும் பார்த்தே பல வருடமாகிறது. அன்று மத்தியானமே கணினி விளையாட்டுக் கம்பெனி ஆள் நிகிலன் வந்துவிட்டான். கண்ணில் விளையாட்டுக் கண்ணாடி, கையில் நோட்டீஸ்.

“இது ‘பூச்சிப்படை’ விளையாட்டுல வர்ற வரிச்சிறகனுங்கக்கா. இந்த உருவம் கம்பெனி பேர்ல பதிவாயிருக்குது. உசுரோட இருந்தாலும் எங்களுதுதான். ஒப்படைச்சிருங்க.”

“புழுவா இருந்து என்ற செடியைத் தின்னப்ப எங்க போயிருந்தீங்க?”

“அப்ப அது பதிவான உருவத்துல இல்லீங்கக்கா.”

துளசிமணிக்குச் சுள்ளென்று வந்தது. பால்கனிக் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

“செரி, புடிச்சுக்க தம்பி. செடி மேலதான் உக்காந்திருக்குது.”

நிகிலன் செடிக்கு எதிரே நின்று, விளையாட்டில் பிடிப்பதைப் போலவே இரண்டு விரலைச் சுண்டினான். பூச்சி அசையவில்லை. மறுபடியும் சுண்டினான். சின்ன வயதிலிருந்து ஆயிரக்கணக்கில் பூச்சி பிடித்தவன்தான்; ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. மூன்றாம் முறை சுண்டியபோது அது எழும்பி, அவன் மூக்கை உரசிக்கொண்டு தெருவுக்குப் பறந்துபோனது.

அடுத்த வாரம் துளசிமணியே கம்பெனிக்குப் போன் போட்டாள்.

“உங்க வரிச்சிறகன் திரும்பி வந்து, இலையில கடுகாட்டம் ஏழு முட்டை வெச்சுட்டுப் போயிருக்குது. அந்தத் தம்பிகிட்ட ஏழு நோட்டீஸ் குடுத்தனுப்புங்க. கதவைத் தொறந்தேதான் வெச்சிருப்பேன்.”