ஐசக்கின் நீராவி என்ஜின்

நீராவி என்ஜினின் நாடித்துடிப்பு தெரிந்தவர்கள் இந்தியாவிலேயே இரண்டு பேர்தான். ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் மெட்டுகுடா ஐசக். இதைச் சொன்னவரும் ஐசக்தான்.

துருப்பிடித்துக் கிடந்த 1938ஆம் வருட என்ஜினை வாங்கி, மூன்று வருடம் உழைத்துப் புதுப்பித்திருந்தார். இன்று நீராவி என்ஜின் ஆர்வலர் சங்கத்தார் முன்னால் முதல் ஓட்டம். ஓடாவிட்டால் அவருடைய சங்கத் தலைவர் பதவி போட்டியாளர் வெஸ்லிக்குப் போய்விடும்.

"சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைங்க சார். ஒர்க்‌ஷாப்ல நாங்க அது இல்லாம எதையும் நகர்த்தினதே இல்ல" என்றார் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு இராமச்சந்திரன்.

"எதுக்கு சார் அதெல்லாம்? இது சயன்ஸ். பழத்தை ஜூஸ் போட்டுக் குடிங்க."

ஐசக் விசையைத் திருப்பினார். என்ஜின் அசையவில்லை. இன்னொரு முறை திருப்பினார். வெஸ்லி தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் வெளிய போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றார் ஐசக்.

அவர்கள் போனதும் மனைவியிடம் கிசுகிசுத்தார். "கரோலின், எலுமிச்சை இருக்கா?"

"இருக்கு. ஆனா அதுமேல ஏறினா உங்க என்ஜின் கவுந்துடும்ங்க."

ஐசக் யோசித்தார். பிறகு சாப்பாட்டு மேஜை மேலிருந்த அந்தச் சாண் நீள மாடல் என்ஜினை மெல்லத் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் ஒரு சுண்டைக்காயை வைத்தார்.